புல்டோசரும் மறுநடவும்

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் உள்ள கரங்கான் வட்டாரத்தில் ரப்பர் மரம் வேரூன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஒரு ரப்பர் மரம் ஏறக்குறைய இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள் வரை பயன் தரும். அதன் பின்னர் பால் குறைந்து, பட்டையும் தேய்ந்து, மறுநடவு செய்யவேண்டிய காலம் வந்துவிடுகிறது. அவ்வேளையில் தோட்டத்திற்குள் முதலில் நுழைவது கன்றும் அன்று, உரமும் அன்று. இரும்புச் சங்கிலிகளின்மீது ஊர்ந்து வரும் புல்டோசர் என்னும் பெரிய இயந்திரமே முதலில் நுழைகிறது.

அது தோட்டத்தில் தங்கும் காலம் சில வாரங்களே. ஆயினும், அச்சில வாரங்களில் அது நிலத்தை எவ்வாறு விட்டுச் செல்கிறதோ, அதைப் பொறுத்தே அடுத்த முப்பது ஆண்டுகளில் மரம் எவ்வளவு பால் தரும் என்பதும், அம்மரத்தை நம்பி வாழும் குடும்பங்களின் வருமானம் எவ்வளவு என்பதும் பெரிதும் அமைகின்றன. ஆகவே, இவ்வியந்திரம் எப்படித் தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது, எதற்குப் பயன்படுகிறது, எப்போது கேடு செய்கிறது என்பவற்றைத் தோட்டத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்வது நன்று.

கையும் கூடையும்

மலாயாவில் முதல் ரப்பர் தோட்டங்கள் உருவான காலத்தில் புல்டோசர் இல்லை. காட்டை வீழ்த்தியவை கோடரியும் பாராங் கத்தியும். மண்ணை வெட்டியது மண்வெட்டி. அதனைச் சுமந்தது தலைமேல் வைத்த கூடை. நம் முன்னோரும், மலாய், சீனத் தொழிலாளரும் அவ்வாறே காடு திருத்தினர், பாதை அமைத்தனர், வடிகால் வெட்டினர்.

கையால் மண் அள்ளுவதன் கடுமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ளது. ஒரு கூடையில் 25 கிலோகிராம் மண் கொள்ளும் எனக் கொண்டால், ஒரு கன மீட்டருக்கு 60 கூடைகள் வேண்டும். நடுத்தர அளவுள்ள ஒரு புல்டோசர் ஒரே தள்ளலில் சுமார் நான்கு கன மீட்டர் மண்ணை நகர்த்திவிடுகிறது. அஃதாவது, 240 கூடை மண் ஒரு நிமிடத்திற்குள் இடம் பெயர்கிறது.

இவ்வேறுபாடு மனித உயிர்களைப் பொறுத்தது என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டியது. 1942 ஆம் ஆண்டு முதல் 1943 ஆம் ஆண்டு அக்டோபர் வரை, ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை அமைத்தது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலையைக் குடைவதும் மேட்டைக் கரைப்பதும் பள்ளத்தைத் தூர்ப்பதும் பெரும்பாலும் மண்வெட்டியாலும் கூடையாலுமே நடைபெற்றன. பசியாலும், காலராவாலும், ஓய்வில்லாத உழைப்பாலும் பல்லாயிரவர் மாண்டனர். திரும்பி வராதவரை இன்றும் நினைவுகூரும் குடும்பங்கள் தோட்டப்புறங்களில் உள்ளன.

அதே 1942 ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில், அமெரிக்கர்கள் கனடாவின் வழியாக அலாஸ்காவுக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையை வெட்டினர். மார்ச்சு மாதம் தொடங்கிய அப்பணியில் எட்டு மாதங்களில் வழி திறந்துவிட்டது. அங்கும் குளிரும் சேறும் மனிதரை வாட்டின. ஆயினும் மரத்தைச் சாய்த்ததும் மண்ணைத் தள்ளியதும் புல்டோசர்களே. ஓரிடத்தில் மனித உடல் இயந்திரமாக ஆக்கப்பட்டது. மற்றோரிடத்தில் இயந்திரம் மனித உடலின் சுமையை ஏற்றது. இதுவே இவ்வியந்திரத்தின் மதிப்பை நமக்கு உணர்த்தப் போதுமானது.

இயந்திரம் பிறந்த கதை

புல்டோசர் ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்த பொருளன்று. இரண்டு தனித்தனிக் கருத்துகள் சேர்ந்து உருவானது அது. ஒன்று, சக்கரத்திற்குப் பதிலாகச் சங்கிலித் தடம்; மற்றொன்று, முன்புறத்தில் மண்ணைத் தள்ளும் எஃகுத் தகடு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் நகரைச் சுற்றியுள்ள நிலம் மிக மென்மையான சதுப்பு நிலமாகும். அங்கு உழவுக்குக் கொண்டுவரப்பட்ட நீராவி இழுவை இயந்திரங்கள் தம் எடையாலேயே புதைந்துபோயின. புதையாதிருக்கச் சக்கரங்களை மேலும் மேலும் அகலமாக்கினர். ஓர் இயந்திரத்தின் மொத்த அகலம் 14 மீட்டர் அளவுக்கு வளர்ந்தது. அதுவும் பயன்படவில்லை. அவ்வூரில் தொழிற்சாலை நடத்திய பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகள் பொருத்திய சங்கிலித் தடங்களை மாட்டினார். 1904 ஆம் ஆண்டு நவம்பர் 24 ஆம் நாள் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. மனிதர் நடந்தால் கால் புதையும் சேற்றில் அது புதையாமல் சென்றது. அதன் ஊர்தலைக் கண்ட புகைப்படக்காரர் ஒருவர் கம்பளிப்புழுவைப் போல் செல்கிறதே என்றாராம். கம்பளிப்புழுவைக் குறிக்கும் 'கேட்டர்பில்லர்' என்னும் சொல்லே பின்னர் வணிகப் பெயராயிற்று.

இங்கிலாந்திலும் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தின் பொறியியலாளர் டேவிட் ராபர்ட்ஸ் அதே காலத்தில் சங்கிலித் தடம் ஒன்றை உருவாக்கியிருந்தார். அதன் உரிமையை 1914 ஆம் ஆண்டில் ஹோல்ட் வாங்கிக்கொண்டார். 1925 ஆம் ஆண்டில் ஹோல்ட் நிறுவனமும், அதனுடன் போட்டியிட்டு வந்த பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் டிராக்டர் நிறுவனம் தோன்றியது.

இவையெல்லாம் இழுக்கும் இயந்திரங்கள். தள்ளும் இயந்திரங்கள் அல்ல. 1923 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எண்ணெய்க் குழாய் பதிக்க வெட்டிய நெடிய பள்ளங்களை விரைவாக மூடவேண்டியிருந்தது. ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்னும் இளம் விவசாயியும், ஏர்ல் மெக்லியோட் என்னும் வரைபடக் கலைஞரும் இழுவை இயந்திரத்தின் முன்னே ஓர் எஃகுத் தகட்டைப் பொருத்தினர். அதற்கான காப்புரிமை 1925 இல் கிடைத்தது. தடமும் தகடும் சேர்ந்தபோது புல்டோசர் பிறந்தது.

1931 ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின் பொருத்திய கேட்டர்பில்லர் இழுவை இயந்திரம் வெளிவந்தது. எரிபொருள் செலவு குறைந்தது; இழுவிசை பெருகியது. தொடக்கத்தில் எஃகு வடத்தால் தூக்கப்பட்ட தகடு, பின்னர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கலாயிற்று. வடம் தகட்டை மேலே தூக்க மட்டுமே வல்லது. எண்ணெய் அழுத்தமோ அதனைக் கீழ்நோக்கியும் அழுத்தும். அதனால் கடினமான நிலத்தையும் வெட்ட முடிந்தது. 1950களின் நடுவில் டி-9 என்னும் பேரியந்திரமும், 1977 ஆம் ஆண்டில் 700 குதிரைத் திறன் கொண்ட டி-10 இயந்திரமும் வந்தன. ஜப்பானின் கொமாட்சு நிறுவனமும் போர்க்காலத்திலிருந்து புல்டோசர்கள் செய்து வருகிறது. இந்தியாவில் 1964 ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், தமிழர் பெருந்தொகையாக வாழும் கோலார் தங்கவயலில் உள்ள ஆலையில் புல்டோசர்களைத் தயாரிக்கிறது.

எவ்வாறு இயங்குகிறது?

இருபது டன் எடையுள்ள இயந்திரம் சேற்றில் புதையாமல் செல்வது எங்ஙனம்? சேற்றில் பலகையைப் போட்டு அதன்மேல் நடப்பவர் அறிந்த உண்மையே இதற்கு விடை. எடை பரந்த இடத்தில் பரவினால் ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் குறைகிறது. இருபது டன் புல்டோசரின் இரு தடங்களும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர் நிலத்தைத் தொடுகின்றன. கணக்கிட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோகிராமுக்கும் குறைவான அழுத்தமே வருகிறது. பாரம் ஏற்றிய லாரியின் சக்கரம் அதே அளவு இடத்தில் ஏழு கிலோகிராம் அளவுக்கு அழுத்துகிறது. லாரி புதையும் இடத்தில் புல்டோசர் போவதன் காரணம் இதுவே.

தடம் என்பது எஃகு இணைப்புகளைக் கோத்த சங்கிலி. அதன் வெளிப்புறத்தில் வரம்பு போன்ற விளிம்புள்ள தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. அவ்விளிம்புகள் மண்ணைக் கவ்விப் பிடிப்பதால் இயந்திரம் வழுக்காமல் தள்ளுகிறது. பின்புறத்துப் பற்சக்கரம் சங்கிலியைச் சுழற்றுகிறது. உருளைகள் எடையைத் தாங்குகின்றன. இடப்புறம் திரும்பவேண்டுமாயின் ஓட்டுநர் இடப்புறத் தடத்தை மெதுவாக்கவோ நிறுத்தவோ செய்கிறார். வலப்புறத் தடம் தொடர்ந்து ஓட, இயந்திரம் இடப்புறம் திரும்புகிறது.

முன்புறத் தகட்டிலும் வகைகள் உண்டு. நேர்த்தகடு மண்ணை வெட்டித் தள்ளும். சாய்க்கக்கூடிய தகடு மண்ணை ஒருபுறமாக ஒதுக்கும். சீப்புப் போன்ற பற்களுள்ள வாரி வேர்களை வாரிக்கொண்டு மண்ணைக் கீழே உதிரவிடும். பின்புறத்தில் கொக்கி போன்ற எஃகுக் கொம்பைப் பொருத்தினால், இறுகிய நிலத்தையும் மென்மையான பாறையையும் கீறிவிடலாம். வடம் சுற்றும் உருளை பொருத்தினால், விழுந்த மரத்தை இழுக்கலாம்.

நம் நாட்டில் புல்டோசர்

போருக்குப் பின் மலாயாவில் பழைய ரப்பர் மரங்களை அகற்றிப் புதிய மரங்களை நடுவது அவசரத் தேவையாயிற்று. 1952 ஆம் ஆண்டில் மறுநடவுக்கென நிதி ஏற்படுத்தப்பட்டது. 1956 ஆம் ஆண்டில் பெல்டா அமைக்கப்பட்டு, காடுகள் குடியேற்றத் திட்டங்களாக மாறின. கெடாவில் 1966 முதல் 1970 வரை மூடா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேற்றப்பட்டு, பாறைகளைக் குவித்துக் கட்டிய பெடு அணையும் எழுந்தது. கிரிக்கிலிருந்து ஜெலி வரை காட்டின் ஊடே அமைந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இத்தகைய பணிகளில் எல்லாம் மண் நகர்த்தும் இயந்திரங்களின் பங்கு பெரிது. கூலிம் வட்டாரத்திலும் ரப்பராக இருந்த நிலங்கள் பல செம்பனையாகவும், தொழிற்பேட்டையாகவும், குடியிருப்பாகவும் மாறிவிட்டன. ஆகவே, புல்டோசரின் வருகை எல்லாத் தோட்டங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. சில இடங்களில் அது புதிய மரத்தின் தொடக்கம். வேறு சில இடங்களில் தோட்ட வாழ்வின் முடிவு. இக்கட்டுரையில் நாம் முதலாவதைப் பற்றியே பேசுகிறோம்.

மறுநடவில் அதன் பணி

முற்காலத்தில் பழைய மரங்களை நஞ்சூட்டிக் கொல்வதுண்டு. சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சை மரத்தில் பூசினர். அது மரத்தை மட்டுமின்றி, கையாளும் மனிதரையும் மேயும் கால்நடைகளையும் தாக்கக்கூடியது. மேலும், நஞ்சால் பட்ட மரத்தின் அடிக்கட்டையும் வேரும் மண்ணிலேயே தங்கிவிடும். அங்குத்தான் வெள்ளை வேர் நோய்க் காளான் குடியிருக்கும். புதிய கன்றின் வேர் பழைய வேரைத் தொட்டதும் நோய் தொற்றிக்கொள்ளும். இலை மஞ்சளித்து மரம் பட்டுப்போகும். பால்வெட்டுக்கு வருமுன்னரே வரிசையில் வெற்றிடங்கள் தோன்றுவதற்கு இந்நோய் ஒரு முக்கியக் காரணமாகும்.

புல்டோசர் இத்துன்பத்தைக் குறைத்தது. அது தகட்டை உயர்த்தி மரத்தின் நடுப்பகுதியைத் தள்ளுகிறது. மரம் சாயும்போது வேர்த்தொகுதியும் மண்ணிலிருந்து பெயர்கிறது. பின்னர் வாரியால் எஞ்சிய வேர்களைப் பொறுக்கி எடுக்கலாம். இக்காலத்தில் ரப்பர் மரம் மேசை நாற்காலி செய்ய விலைபோகும் பொருளாகிவிட்டதால், முதலில் மரத்தை அறுத்து, விரைவில் ஆலைக்கு அனுப்பிவிட்டு, அடிக்கட்டையைப் பின்னர் பெயர்ப்பதும் உண்டு. அப்பணியில் எக்ஸ்கவேட்டர் எனப்படும் தோண்டும் இயந்திரமும் இன்று பங்கு கொள்கிறது.

அகற்றிய கிளைகளையும் வேர்களையும் முன்னர்க் குவித்து எரித்தனர். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1998 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பின், திறந்தவெளியில் எரித்தலுக்குக் கடுமையான தடை வந்துவிட்டது. ஆகவே, கழிவு மரங்களை வரிசைகளுக்கிடையே நீளமாக அடுக்கி மட்கவிடுகின்றனர். மட்கிய மரம் மண்ணுக்கு உணவாகிறது.

சரிவான நிலத்தில் புல்டோசரின் மற்றொரு பணி படிக்கட்டு வரப்பு வெட்டுதல். மலையின் உயரத்திற்கு ஏற்றவாறு, ஒரே மட்டத்தில் குச்சிகள் நட்டுக் கோடு குறிக்கப்படுகிறது. அக்கோட்டின் வழியே இயந்திரம் படிகளை வெட்டிச் செல்கிறது. படியின் தளம் மலையை நோக்கி உட்புறமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அவ்வாறிருந்தால் மழைநீர் படியிலேயே தங்கி மண்ணில் ஊறும். வெளிப்புறம் சாய்ந்திருந்தால் நீர் மண்ணையும் உரத்தையும் அடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கும். பால்வெட்டுபவர் விடியற்காலை இருளில் வழுக்காமல் நடப்பதும் இப்படியின் ஒழுங்கைப் பொறுத்ததே.

கேடு நேர்வது எப்போது?

வலிமையுள்ள எதுவும் தவறாகப் பயன்பட்டால் கேடும் பெரிதாகவே இருக்கும். நிலத்தின் வளமெல்லாம் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் உள்ளது. இலை உதிர்ந்து மட்கி, பல ஆண்டுகள் சேர்ந்து உண்டான மண் அது. விரைவை மட்டும் கருதித் தகட்டைத் தாழ்த்தி இழுத்தால், அம்மேல்மண் முழுதும் வேர்க்குவியலோடு ஓர் ஓரத்திற்குப் போய்விடும். பின்னர்க் கன்று நடப்படுவது வெறும் அடிமண்ணில். அக்கன்று மெலிந்து வளரும். ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் பால்வெட்டுக்கு வரவேண்டிய மரம் மேலும் தாமதிக்கும். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பால்வெட்டுத் தொழிலாளரின் வேலை நாள்களிலும் குறை விழுகிறது.

ஈரமண்ணில் மீண்டும் மீண்டும் ஓட்டுவது மற்றொரு தவறு. தடத்தின் அழுத்தம் குறைவே எனினும், நனைந்த மண்ணில் பலமுறை ஓடினால் மண் இறுகும். இறுகிய மண்ணில் நீரும் இறங்காது, வேரும் இறங்காது. கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறட்சிக் காலமே இப்பணிக்கு ஏற்றது. நிலம் வெறுமையானவுடன் மூடுபயிர் விதைக்கவேண்டும். கொடியாய்ப் படரும் அப்பயறு வகைகள் மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணைக் காக்கின்றன, காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்க்கின்றன, களையையும் அடக்குகின்றன.

இவையெல்லாம் மேலாளரும் குத்தகைக்காரரும் பார்த்துக்கொள்ளவேண்டியவை அல்லவா என வாசகர் கேட்கலாம். உண்மையே. ஆனால், எந்த மூலையில் நீர் தேங்கும், எந்தச் சரிவில் மண் சரியும், எந்த வரிசையில் வேர் நோயால் மரங்கள் பட்டன என்பதை ஆண்டுக்கணக்கில் அந்நிலத்தில் நடந்த தொழிலாளரே நன்கறிவர். நோய் கண்ட இடங்களை முன்கூட்டியே மேற்பார்வையாளருக்குக் காட்டினால், அங்கு வேர்களைக் கூடுதல் கவனத்துடன் அகற்றலாம். இவ்வறிவு இயந்திரத்திற்கு இல்லை; ஓட்டுநருக்கும் யாரேனும் சொன்னாலன்றித் தெரியாது.

உயிருக்குப் பாதுகாப்பு

புல்டோசர் வேலை செய்யும் இடத்தில் கீழ்க்காணும் விதிகளை எவரும் மீறலாகாது.

மரம் சாய்க்கப்படும்போது, மர உயரத்தைப் போல் இருமடங்குத் தொலைவுக்குள் யாரும் நிற்கக்கூடாது. உலர்ந்த கிளை முறிந்து எதிர்த்திசையிலும் விழக்கூடும்.

ஓட்டுநரின் கண்ணுக்குத் தகட்டின் முன்பும் இயந்திரத்தின் பின்பும் அண்மையிலுள்ள இடம் தெரியாது. எஞ்சின் ஓசையில் கூப்பிடும் குரலும் கேட்காது. ஆகவே, ஓட்டுநர் நம்மைக் கண்டு கையசைத்த பின்னரே அருகில் செல்லவேண்டும்.

விறகு பொறுக்கவோ வேடிக்கை பார்க்கவோ சிறுவரை அனுப்புதல் கூடாது.

தடத்தின் மீதோ பின்புறத்திலோ தொற்றிக்கொண்டு செல்லுதல் உயிரைப் போக்கும்.

நிறுத்தும்போது தகட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்த பின்னரே ஓட்டுநர் இறங்கவேண்டும். உயர்த்திய தகட்டின் கீழ் எவரும் கை வைத்தல் ஆகாது.

சரிவில் வேலை செய்யும் இயந்திரத்திற்குக் கவிழ்ந்தாலும் நசுங்காத எஃகுச் சட்டம் இருக்கவேண்டும். ஓட்டுநர் இடுப்பு வார் அணியவேண்டும். சட்டம் இருந்தும் வார் அணியாதவர், கவிழும்போது வெளியே எறியப்பட்டு அச்சட்டத்தின் அடியிலேயே சிக்கக்கூடும்.

1994 ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, பாதுகாப்பான வேலையிடத்தை அளிப்பது முதலாளியின் கடமை. குத்தகைக்காரரின் இயந்திரம் என்பதால் அக்கடமை மறைந்துவிடாது. விபத்து நேர்ந்தால் உடனே அறிவித்து, சொக்சோ உரிமையையும் கேட்டுப் பெறவேண்டும்.

மண்வெட்டியிலிருந்து விசைப்பிடிக்கு

இயந்திரம் வந்ததால் மண்வெட்டிப் பணி குறைந்தது என்பது உண்மை. அதனை மறைப்பதில் பயனில்லை. முன்னர் நூறு பேர் செய்த வேலையை இன்று ஓர் ஓட்டுநரும் ஓர் உதவியாளரும் செய்கின்றனர். ஆனால், அந்த ஓட்டுநர் யார் என்பதே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா. அவர் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஐயாயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட சங்கிலித் தட இயந்திரத்தை ஓட்டுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகா 'ஐ' பிரிவு உரிமம் வழங்குகிறது. இயந்திரம் இயக்குதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றில் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழிகளும் உள்ளன. ஓட்டுநர் வேலை விசைப்பிடியை அசைப்பதோடு முடிவதில்லை. சங்கிலி தளர்ந்ததா, உருளை தேய்ந்ததா, எண்ணெய் கசிகிறதா என நாள்தோறும் பார்க்கவேண்டும். மண்ணின் தன்மையைக் கண்ணாலேயே மதிப்பிடத் தெரியவேண்டும். மண்ணோடு வளர்ந்தவர்களுக்கு இப்பயிற்சி எளிதில் கைவரும்.

கூடைச் சுமையை நம் தலையிலிருந்து இறக்கிய இயந்திரம் இது. அதனை அறிந்து கையாண்டால் மண் காக்கப்படும். அறியாமல் விட்டால் முப்பது ஆண்டு வளம் சில நாள்களில் ஓரம் தள்ளப்படும். அடுத்த மறுநடவு தொடங்குமுன், தத்தம் வரிசையில் பட்டுப்போன மரங்கள் நின்ற இடங்களைக் குறித்துவைத்து மேற்பார்வையாளரிடம் கூறுங்கள். வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் இருந்தால், அவர் இத்தொழிலைக் கற்க வழி தேடுங்கள். புதிய கன்று ஊன்றும் நிலம் நலமுடன் இருந்தால், அதன் பாலை வெட்டப்போகும் கையும் நலமுடன் இருக்கும்.